தீட்டு நாளில் பதிந்த இசைத்தட்டுகள்

1

மத்தியான மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கை கால் கழுவி, கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, ஆல்பத்திலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தேன். நாயனம் எழும்பியதும், தரையில் தீப்பெட்டிகளை ரயிலாக ஓட்டிக்கொண்டிருந்த என் மூத்தவன் ராசு தலையைத் தூக்கிக் கேட்டான்.

“யாரும்மா செத்துப் போனா?”

அவனுக்கு ஐந்து வயது. பிறந்தது மலாயாவில், இந்த ஈப்போவில்தான். எங்கள் தெருமுனையில் காப்பிக்கடை வைத்திருந்த சீனக் கிழவர் சில நாட்களுக்கு முன் இறந்துபோனார். அவருடைய ஊர்வலத்தில் நம் நாயனத்தைப் போலவே ஒரு குழலை ஊதிக்கொண்டு போனார்கள். நீளம் குறைவு, ஆனால் வாயில் வைக்கிற சீவாளியும் அந்தக் கூர்மையான சத்தமும் நம்முடையதேதான். ராசு வாசலில் நின்று ஊர்வலம் திரும்பும்வரை பார்த்தான். அவன் நேரில் கேட்ட நாயனம் அது ஒன்றுதான். கல்யாணப் பந்தலிலும் கோயில் வாசலிலும் கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருந்தால் இப்படிக் கேட்டிருப்பானா? நாயனக்காரர் வீட்டுப் பேரன் என்று ஊரில் யாராவது கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். அவன் மேல் தப்பில்லை. ஊரிலிருந்து இத்தனை தூரம் கொண்டுவந்து வளர்ப்பது நாங்கள்.

ஆனால் அவன் கேட்ட நேரம் அப்படி. அவன் தம்பி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மாதம் முந்திப் பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவனை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, கொஞ்சம் மனசு தேறட்டும் என்று என் மாமாவின் நாயன வாசிப்பை வைத்தால், பெரியவன் இப்படிக் கேட்கிறான்.

சட்டென்று முள்ளைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகு, மங்கள வாத்தியத்தைப் பாதியில் நிறுத்தலாமா என்று பயம் வந்தது. திரும்ப வைத்தேன். வைத்த பிறகு, ராசு மறுபடியும் அதையே கேட்டால் என்ன செய்வது என்று கிராமபோன் மூடியைச் சாத்தினேன். மூடிக்குள்ளிருந்து மாமா சன்னமாக வாசித்து முடித்தார். நான் எதையும் ஒரே தடவையில் செய்கிறவள் அல்ல என்று என் கணவர் சொல்வது சரிதான்.

2

ஆல்பம் என்றதும் உங்களில் பலர் போட்டோ ஒட்டுகிற புத்தகத்தை நினைப்பீர்கள். இதுவும் பார்க்கப் புத்தகம்தான். கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு, உள்ளே பக்கங்களுக்குப் பதிலாகப் பழுப்புக் காகித உறைகள். உறைக்கு ஒன்றாக ஆறு தட்டுகள். தட்டுக்கு இரண்டு பக்கமாகப் பன்னிரண்டு பக்கங்களிலும் என் மாமாவும் சின்ன மாமாவும் ஜோடி நாயனம் வாசித்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். அதனால் மாமா எனக்கு மாமனார் ஆவதற்கு முன்பே மாமாதான். அவரும் அவர் தம்பியும் ஊர்க் கோயிலில் நாயனம் வாசிக்கிறவர்கள். தன் மகனான இவரை மாமா புதுக்கோட்டைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். படிப்பு இவரை இங்கே ஈயச் சுரங்கக் கம்பெனியில் கிராணியாகக் கொண்டுவந்து உட்கார வைத்தது. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா.

நான் கப்பலேற நாகப்பட்டினம் வந்தபோது மாமா இந்த ஆல்பத்தைக் கையில் கொடுத்து, “பொடவைக்கு நடுவுல வையி, அடியில வச்சுறாத” என்றார். பினாங்கில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். பள்ளியில் படித்த இங்கிலீஷ் எல்லாம் தொண்டையில் நின்றுவிட, “மை ஃபாதர் இன் லா” என்றேன். அவர் ஆல்பத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என் மாமனாரைப் பதமாகத் திரும்பப் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். முகம் தெரியாத அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஒரு தட்டும் உடையவில்லை.

இவை பதிவானது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம். எனக்கு அப்போது பதினொரு வயது. சின்ன மாமாவுக்கு வெகு நாள் பிள்ளையில்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் சின்ன அத்தை அன்னவாசலில் தன் தாய் வீட்டில் ஒரு பெண்ணைப் பெற்றாள். சைக்கிளில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சொன்ன நிமிஷத்திலிருந்து அண்ணன் தம்பி இருவருக்கும் தீட்டு. பிறப்பானாலும் இறப்பானாலும் பங்காளிக்குத் தீட்டு என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். நாயனக்காரர் வீட்டில் அது பிழைப்பையும் சேர்த்து நிறுத்திவிடும். தீட்டுக் கழியும்வரை கோயிலுக்குள் போக முடியாது. கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். பக்கத்து ஊர் மேளம் வந்து கோயிலைப் பார்த்துக்கொள்ளும்.

சென்னையில் பிளேட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வருஷக்கணக்காக மாமாவை அழைத்துக்கொண்டிருந்தார். கோயிலும் முகூர்த்தமும் விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்ததே இல்லை. இப்போது கிடைத்தது. மாமா கிளம்பலாம் என்றார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

“தீட்டோட நாயனத்தத் தொடப் போறீகளா?”

“கோயில்லயா வாசிக்கப் போறோம்? கண்ணாடி ரூமுக்குள்ள. அங்க சாமியுமில்ல, தாலி கட்டுறவனுமில்ல” என்றார் மாமா. “இங்கன குந்தி ஒங்கிட்ட வசவு வாங்குறதுக்கு ரயிலேறிட்டுப் போறோம்.”

திரும்பி வந்து அவர்கள் சொன்ன கதைகளை வீட்டில் பல நாள் பேசிச் சிரித்தோம். தவில் சத்தம் மற்றதை அமுக்கிவிடுகிறது என்று தவில்காரரை வெளித் தாழ்வாரத்தில் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டார்களாம். அவர் கதவிடுக்கு வழியாக தாளம் போடும் மாமாவின் கால் கட்டை விரலை மட்டும் பார்த்துக்கொண்டே வாசித்தாராம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆரம்பிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. “சாமி ஒரு மூலை திரும்புறதுக்குள்ள ராகமே முடிஞ்சு போச்சு” என்று மாமா குறைப்பட்டார். வீதியுலாவில் சாமி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகும் நேரம்தான் அவர்களுக்கு அளவு. கடிகாரத்தைப் பார்த்து வாசித்தவர்கள் இல்லை.

ஆறு தட்டுகளிலும் ஒரு விஷயம் கேட்கும். மாமா ராகத்தில் ஒரு பிடியை வாசித்து முடிப்பதற்குள் சின்ன மாமா அரை மூச்சு முந்தி நுழைந்துவிடுவார். ஐந்தாம் தட்டில் அது நன்றாகவே தெரியும். தட்டை வைக்கும்போதெல்லாம் மாமா, “பாரு, தாவுறான் பாரு” என்பார். சின்ன மாமா தலையைச் சொறிவார். கேட்டவர்கள் எல்லாரும் அதைக் குறை என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு வந்து கேட்டபோதுதான் எனக்கு வேறு மாதிரி கேட்டது. வாசிக்கும்போது அவர் தன் பிள்ளையை இன்னும் பார்க்கவே இல்லை. பெண் பிறந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். முகம் தெரியாது. ஒவ்வொரு பக்கமும் முடிந்தால்தான் ஊருக்கு ரயில். அப்படிப்பட்டவர் அண்ணன் மூச்சு முடியும்வரை எங்கே காத்திருப்பார்? புதுக்கோட்டை ரயிலடியில் இறங்கியவர் வீட்டுக்கே வரவில்லை, நேரே அன்னவாசல் போய்விட்டார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வாரத்துக்கு முந்திய சின்ன மாமா அந்தத் தட்டுகளில் இல்லை. பிந்தியவரும் இல்லை. பெண்ணைப் பார்த்த பிறகு அவர் வெளியூர்க் கச்சேரியை விட்டுவிட்டார். “புள்ளைய விட்டுட்டு ராத்தங்க முடியாதுண்ணே” என்று சொல்லிவிட்டு ஊர்க் கோயிலோடு நின்றார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மாமா வேறு ஒருவரை ஜோடி சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாசிப்பது வருஷத்துக்கு ஒரு முறை, எங்கள் ஊர் வைகாசித் தேருக்கு மட்டும் என்று ஆயிற்று.

3

ஊராக இருந்தால் பிள்ளை பெற்றவளை அறையைவிட்டு வெளியே விட்டிருக்க மாட்டார்கள். நான் வீட்டுக்கு வந்த மறுநாளே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். பாலைப் பீய்ச்சி ஒரு சீசாவில் கொடுக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தொட விடமாட்டார்கள். ராசுவைப் பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா பார்த்துக்கொண்டார். தினமும் எனக்கு இஞ்சியும் கோழியும் போட்டு ஒரு சாறு வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. கிண்ணம் காலியானதும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அப்போது என் அம்மா இங்கே இல்லையே என்ற எண்ணம் கொஞ்சம் குறையும்.

நான் சந்தையில் கற்ற மலாய் ஆஸ்பத்திரிக்குப் போதவில்லை. பிள்ளையின் எடை கூடியிருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்கத் தெரியாமல், மீன்காரியிடம் கேட்கிற மாதிரி எத்தனை காட்டி என்று கேட்டுவிட்டேன். இங்கே மீனும் கறியும் காட்டி என்கிற எடைக் கணக்கில்தான் விற்பார்கள். அந்த மலாய்க்காரப் பெண் சிரித்தாள். பிறகு எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று விரலை மடக்கி எனக்குப் புரிகிற மாதிரி காட்டினாள். மறுநாளிலிருந்து நான் கேட்கும் முன்பே அவளே விரலைக் காட்டினாள்.

பிறப்புப் பதிவுக் காகிதத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தினமும் காகிதத்தோடு புழங்குகிற இவரே விழித்தார். கடைசியில் தன் அப்பா பெயரை எழுதிக் கொடுத்தார். அதனால் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பெட்டியின் மேல் மாமாவின் பெயர் ஏறிவிட்டது. மாமனார் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. யார் பிள்ளை என்று புது நர்ஸ் யாராவது கேட்டால், பெட்டியின் பக்கம் விரலை நீட்டிவிட்டு நிற்பேன்.

அந்த மாமாவுக்குத்தான் இன்னும் செய்தி சொல்லவில்லை.

காரணம் இருந்தது. தீட்டு காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். கேள்விப்படாதவரை தீட்டு இல்லை. ஆகையால் எங்கள் உறவில், திருவிழா நேரத்தில் பிள்ளை பிறந்தால் நாயனம் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது வழக்கம். ஒரு பங்காளி வீட்டில், பிறந்த பிள்ளை குப்புற விழுந்த பிறகுதான் மாமாவுக்குச் சொன்னார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. எனக்கு மாதம் தள்ளியிருந்தபோதே மாமா எழுதியிருந்தார்: முன்பல் ஆடுகிறது, இந்த வைகாசியோடு தேர் வாசிப்பு முடிந்தது, அடுத்த வருஷம் பல் நிற்காது. பல் போனால் நாயனம் போனமாதிரிதான். தம்பியும் நானும் சேர்ந்து வாசித்துவிட்டு இறக்கிவைத்துவிடுகிறோம். பிள்ளை தேருக்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். முன்னே பின்னே ஆனால், தேர் முடிந்து தந்தி கொடு என்று.

பிள்ளை தேருக்கு முன்னே வந்துவிட்டான். ஊரில் தேர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள் என்று இவர் கணக்குப் பார்த்தார். பொறுத்துக்கொள்வோம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

ராசு அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் பிள்ளைக்கு மூச்சு திணறியது. டாக்டர் இவரைத் தனியே அழைத்து, இன்றும் நாளையும் தாண்ட வேண்டும் என்று சொன்னார். இவர் அதை என்னிடம் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். இப்போதே தந்தி கொடுங்கள் என்றேன்.

“தேருக்கு மூணு நாள்தானே இருக்கு. அப்பாவுக்குக் கடைசித் தேரு.”

“அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? இப்பிடி ஒருத்தன் வந்தான்னே ஊருல யாருக்கும் தெரியாமப் போயிருமே. நம்ம ரெண்டு பேருக்கும் அந்த நர்சுக்குந்தான் தெரியும்.”

பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. தபாலாபீஸ் பக்கமாக நடந்தார். ஆண் குழந்தை, முந்திப் பிறந்தது, தாய் நலம், குழந்தை பலவீனம், சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் என்று அடித்துவிட்டு வந்தார். நான் அதே இடத்தில் நின்றிருந்தேன். அவர் திரும்பி வருவதைப் பார்த்ததும், ஓடிப்போய் அந்தத் தந்தியை நிறுத்த முடியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

4

பிள்ளை அந்த இரண்டு நாளையும் தாண்டினான். நர்ஸ் முன்னைவிட ஒரு விரல் கூடுதலாக மடக்கிக் காட்டினாள். எனக்கு இருந்த பயத்தில் பாதி போனது. போன இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தேர் நாளன்று காலையில் சோறு வடிக்கும்போது, இந்நேரம் ஊரில் வடம் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். மாமா வீட்டில் உட்கார்ந்திருப்பார், பக்கத்து ஊர் மேளம் தேருக்கு முன்னால் போகும். பிள்ளை எப்படியும் பிழைத்துவிட்டான். மூன்று நாள் பொறுத்திருக்கலாம். பொறுத்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு நேராகவில்லை.

சீனத்து அக்காவிடமும் ஓர் ஆல்பம் இருந்தது. ஒரு நாள் சாறு கொண்டுவந்தபோது எங்கள் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அவர்கள் ஊர்க் கூத்துப் பாட்டு. மேலே ஒரு பெண்ணின் படம், தலையில் பெரிய கிரீடம். தட்டை வைத்துவிட்டு, அரைகுறை மலாயில் “ஜப்பானுக்கு முந்தி” என்றார். ஜப்பான்காரன் இந்த நாட்டுக்குள் வருவதற்கு முந்தின வருஷம் பாடியதாம். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கையால் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பாஷை புரியாவிட்டாலும் அந்தக் குரலில் ஒரு விளையாட்டுத்தனம் இருந்தது. அடுத்த வருஷம் என்ன வரப்போகிறதென்று தெரியாமல் பாடியிருக்கிறாள். தட்டில் பதிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். கேட்கிற நமக்குத்தான் பின்னால் நடந்தது தெரியும். இருவரும் அதை ஒரு தடவை, சின்ன மாமா தாவுகிற தட்டை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். ராசு நடுவில் உட்கார்ந்து இரண்டுக்கும் தாளம் போட்டான்.

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. மாமா சொல்ல, சின்ன மாமா மகள் எழுதியது. தந்தி கிடைத்தது, சந்தோஷம், பிள்ளைக்கு உடம்பு எப்படி, உடனே எழுதவும், பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. எல்லாம் இருந்தது. தேரைப் பற்றி ஒரு வரி இல்லை.

மனத்தாங்கல் இல்லாவிட்டால் எழுதியிருப்பாரே என்றேன். இவர், அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்றார். ஆனால் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவர்தான்.

5

சென்ற ஞாயிற்றுக்கிழமை ராவுத்தர் வந்தார். எங்கள் ஊர்க்காரர். இங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் தம்பியின் கடை எங்கள் ஊரில் தேரோடும் வீதியிலேயே இருக்கிறது. சித்திரையில் ஊருக்குப் போனவர் இப்போதுதான் கப்பலில் திரும்பியிருந்தார். அத்தை கொடுத்துவிட்ட பெருங்காயம், சுக்கு, வசம்பு எல்லாம் கொண்டுவந்தார். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். தேநீர் கொடுத்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். இவர்தான் கேட்டார்.

“தேருக்கு யாரு வாசிச்சா?”

“யாரு வாசிச்சாவா? ஒங்கப்பாரும் ஒங்க சித்தப்பாவுந்தான்” என்றார் ராவுத்தர்.

எங்களுக்கு விளங்கவில்லை. அப்படியானால் தந்தி அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டோம். இல்லை, தேருக்கு முந்தியே வந்துவிட்டது என்றார். பிறகு தேநீரைக் கீழே வைத்துவிட்டு விவரமாகச் சொன்னார்.

தந்திக்காரர் ராவுத்தர் தம்பி கடையைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஈப்போத் தந்தி என்று கேட்டதும் ராவுத்தரும் கூடவே போயிருக்கிறார். மாமா சந்தனம் பூசிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். தந்திக்காரரைக் கண்டதும் கையைக் காட்டித் தெருவிலேயே நிறுத்திவிட்டார்.

“‘ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சு போயிரும். அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு நீட்டு’ன்னாரு ஆத்தா. அந்த மனுசன் பின்பக்கமா நடந்து வந்து, கைய முதுகுக்குப் பின்னால நீட்டிக் குடுத்துட்டு, அப்பிடியே திரும்பாமப் போனாரு. தெருவே சிரிச்சுச்சு. ஒங்க மாமா சிரிக்கல.”

மாமா தந்தியைப் பிரிக்காமல் வேட்டி மடியில் செருகிக்கொண்டார். அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது இப்போது எதற்குத் தந்தி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ, பிரித்துப் பாருங்கள் என்று மன்றாடினாளாம். ராவுத்தர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பற்றித்தான் அந்தப் பயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்று நாளும் நான் உயிரோடு இருக்கிறேனா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சின்ன மாமாவும் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

“சின்னவரு, ‘பிரிச்சிருண்ணே, நாயனம் போனாப் போகுது’ன்னாரு. பெரியவரு, ‘நீ எப்பவும் முந்துவ. காப்புக் கட்டியாச்சு. நல்லதோ கெட்டதோ, சாமி நெலைக்கு வரட்டும்’னுட்டாரு.”

அதோடு அவர் கோயிலுக்குப் போனார். அன்றும், மறுநாளும், தேரன்றும் அந்தத் தந்தி அவர் மடியிலேயே இருந்தது. குளிக்கும்போது மட்டும் எடுத்துச் சின்ன மாமா கையில் கொடுத்துவிட்டு, வந்து திரும்ப வாங்கிச் செருகிக்கொள்வாராம். சின்ன மாமாவும் பிரிக்கவில்லை. ஊர் முழுக்க அதே பேச்சு. பிரித்தால்தானே தீட்டு என்று ஒரு கூட்டம். வந்து மடியில் ஏறினதே தீட்டுதான் என்று ஒரு கூட்டம். கோயிலில் கேட்டபோது, படிக்காத காகிதம் வெறும் காகிதம்தான் என்று சொல்லிவிட்டார்களாம்.

எப்படி வாசித்தார்கள் என்று கேட்டேன்.

“எனக்கு ராகம்லாம் தெரியாதுத்தா. ஒண்ணு மட்டும் பாத்தேன். சின்னவரு இருக்காரே, அண்ணன் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. பெரியவரு முடிச்சு, மூச்சு வாங்கி, கண்ணத் தொறந்ததுக்கு அப்பறந்தான் அவரு எடுத்தாரு. ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான். தேரு நாலு வீதியும் சுத்தி வந்துச்சு. நான் கடைய விட்டுட்டுப் பின்னாடியே போனேன். எந்தம்பி வஞ்சான்.”

அந்த வாசிப்பை யாரும் பதியவில்லை. அது எந்த ஆல்பத்திலும் இல்லை. ராவுத்தர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்தது.

தேர் நிலைக்கு வந்து, காப்பு அவிழ்த்த பிறகு, அண்ணனும் தம்பியும் கோயில் வாசலைத் தாண்டி நேரே ராவுத்தர் தம்பி கடைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். தந்தி இங்கிலீஷில் இருக்கும், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

“மடியிலருந்து எடுத்துக் குடுத்தாரு. வேர்வையில நனைஞ்சு ஒட்டிப் போயிருந்துச்சு. ‘நீங்க ஈப்போக்காரரு, நீங்களே படிங்க ராவுத்தரே’ன்னாரு. கெட்ட சேதியா இருந்தா நாந்தானே சொல்லணும்? மொதல்ல மனசுக்குள்ள படிச்சேன். படிச்சுட்டு, ஆம்பளப் புள்ள, ஆத்தாளும் நல்லாருக்குன்னு சொன்னேன்.”

மாமா அசையாமல் நின்றாராம். நாயனம் இன்னும் கையிலேயே இருந்தது. சின்ன மாமாதான் முதலில் பேசினார்.

“‘பெறப்புத் தீட்டுண்ணே. எறக்கி வைங்க’ன்னாரு. பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. பெரியவரு எறக்கி எங்க கடைப் பலகையில வச்சாரு. அப்பறந்தான் ஒக்காந்தாரு.”

தந்தியில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்ததே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராவுத்தருக்கும் அதே நினைப்புத்தான் போலிருக்கிறது. மறைக்கக் கூடாது என்று அதையும் சொன்னாராம். பிள்ளை முந்திப் பிறந்திருக்கிறது, பலவீனமாக இருக்கிறது, சாமியிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. தந்தி வந்து மூன்று நாளாயிற்றே, அப்போதே பிரித்திருந்தால் வேண்டிக்கொண்டிருக்கலாமே என்று ராவுத்தருக்கே வருத்தமாகிவிட்டது. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“அதுக்கு மாமா என்ன சொன்னாங்க?” என்றேன்.

“‘மூணு நாளா வேற என்ன பண்ணுனேன் ராவுத்தரே?’ன்னாரு.”

இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். உள்ளே பிள்ளை விழித்து அழுதான். நான் எழுந்திருக்கும் முன்பே இவரே போய்த் தூக்கிவந்தார்.